பகலில் திரெய்லர், இரவில் உருமி

அக்கா வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு நீ கிள்ளானுக்கு வரணும். இவன் வேலையை விடப் போறானாம். நீ சொன்னாத்தான் கேப்பான்."

'இவன்' என்பது அக்காவின் மகன். வயது இருபத்து மூன்று. புக்கிட் ராஜா தொழில்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். நான்கு ஆண்டுகளாக ஓர் உருமி மேளக் குழுவில் வாசிக்கிறான். ராஜினாமா கடிதத்தை எழுதி, தேதி மட்டும் போடாமல் அலமாரியில் வைத்திருக்கிறானாம். அக்கா துணி மடித்து வைக்கும்போது கண்ணில் பட்டுவிட்டது. முழுநேரக் கலைஞனாகப் போகிறேன் என்கிறானாம்.

எனக்கு அவனிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சின்ன வயதில் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பிறகு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று அதை மறந்துபோனவன் நான். 'வேலையை விடாதே' என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆனால் வேலைக்கும் போய்க்கொண்டு இசையையும் விடாமல் இருப்பவர்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏராளம். முதலில் அவர்களில் சிலரைப் பார்த்துப் பேசிவிட்டு, பிறகு அவனிடம் போகலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கினேன்.

பிரிக்பீல்ட்ஸ்: குமாஸ்தாக்களின் சங்கீதம்

என் வீடு பிரிக்பீல்ட்ஸில். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, கட்டடங்களைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய நிர்வாகம் சொன்னது. செங்கல் சூளைகள் இருந்த இடம் என்பதால் இந்தப் பேட்டைக்கு அந்தப் பெயர். பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த தமிழர்கள் குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தார்கள். 1902-இல் ஸ்கோட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினார்கள். 1920-களில் கோலாலம்பூரில் சங்கீத அபிவிருத்தி சபா தோன்றியது. பகலில் பேரேடு, மாலையில் தம்பூரா என்ற வாழ்க்கை இந்த ஊருக்கு நூறு ஆண்டுப் பழக்கம்.

இன்றும் அது நடக்கிறது. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிவைத்த நுண்கலைக் கோயில், பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கிறது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்றால்தான் பலருக்கும் புரியும். வார இறுதியில் அந்தப் பக்கம் நடந்தால் சலங்கை ஒலியும் சொற்கட்டும் காதில் விழும். அங்கே ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் பெரும்பாலும் வேறு வேலை பார்ப்பவர்கள்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு நண்பர் இருக்கிறார். கணக்காய்வாளர். முப்பது ஆண்டுகளாக மிருதங்கம் வாசிக்கிறார். அவரோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குச் சம்பளம் ஆபீஸ்ல வருது. அதனால பிடிக்காத கச்சேரிக்கு நான் 'முடியாது'ன்னு சொல்லலாம். யாரோட தயவுக்கும் நிக்க வேண்டியதில்ல. மாசக் கடைசியில கணக்கு முடிக்கிற வாரத்துல மட்டும் எதையும் ஒத்துக்க மாட்டேன். மத்த நாள் லீவு போட்டா சம்பளம் குறையாது" என்றார்.

"அப்ப ரெண்டும் கிடைச்ச மாதிரிதானே?" என்றேன்.

அவர் தே தாரிக்கைக் கொஞ்ச நேரம் ஆற்றிக்கொண்டிருந்தார். "ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம் சாதகம் பண்றேன். அதுவும் ராத்திரி, பக்கத்து வீட்டுக்காரங்க சங்கடப்படுவாங்கன்னு துணி போட்டு மூடி வாசிக்கிறேன். நாலு மணி நேரம் பண்றவன் எங்க இருக்கான், நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். மேடையில கேக்கிறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த நாற்பது நிமிடம் என் மனதில் தங்கிவிட்டது. அதோடு கே.எல். சென்ட்ரலுக்கு நடந்தேன்.

கொமுட்டர் ஜன்னலோரம்

கிள்ளானுக்குப் போக எத்தனையோ நெடுஞ்சாலைகள் இருந்தாலும் எனக்கு கொமுட்டர்தான் பிடிக்கும். போர்ட் கிள்ளான் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்தப் பாதைக்கு வயது அதிகம். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் குடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் ஆற்றைத் தாண்டி கிள்ளான் நகருக்குள் வந்தது. 1901-இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தார்கள். அதுதான் 1972-லிருந்து போர்ட் கிள்ளான்.

வழியில் அங்காசாபுரி நிலையம் வரும். ஆர்.டி.எம். இருக்கும் இடம். மின்னல் எஃப்.எம். ஒலிபரப்பாவதும் இங்கிருந்துதான். நம் நாட்டுப் பாடகர்கள் பலரின் குரலை நாம் முதன்முதலில் கேட்டது வானொலியில்தான். அவர்களில் எத்தனை பேர் ஆசிரியர்கள், எத்தனை பேர் அரசாங்க ஊழியர்கள் என்று நாம் யோசித்ததில்லை. பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பெயரைச் சொல்வார். வேலையைச் சொல்ல மாட்டார்.

சுபாங் ஜெயா, ஷா ஆலம், பாடாங் ஜாவா என்று தாண்டினால் கிள்ளான். நிலையத்திலிருந்து ஜாலான் தெங்கு கெலானாவுக்கு நடந்தே போகலாம். நம்மவர்களின் 'லிட்டில் இந்தியா'. பூமாலைக் கடைகள், சேலைக் கடைகள், நகைக்கடைகள், வாழை இலைச் சாப்பாடு. தீபாவளி நேரத்தில் இங்கே தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அன்று சாதாரண சனிக்கிழமை. ஆனாலும் கூட்டம்தான்.

ஒரு வளையல் கடையில் அக்காவின் தோழி ஒருவரைத் தற்செயலாகப் பார்த்தேன். அவர் தாதி. கல்யாண விருந்துகளில் பாடுவார். அன்று மாலைக்கான சேலைக்குப் பொருத்தமாக வளையல் வாங்க வந்திருந்தார். காலை ஏழு மணிக்குத்தான் இரவுப் பணி முடிந்ததாம்.

"தூங்கினீங்களா?" என்றேன்.

"ரெண்டு மணி நேரம். சாயங்காலம் பாடிட்டு வந்து தூங்கணும். ஞாயித்துக்கிழமை மறுபடி நைட். டூட்டி மாத்திக் கொடுக்கிற ஒரு மலாய்க்காரத் தோழி இருக்கா. அவ இல்லன்னா என் பாட்டும் இல்ல" என்று சிரித்தார். "என் மாமியார் பிள்ளையைப் பாத்துக்கிறாங்க. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

லயத்து வீட்டு மேளம்

உருமி மேளம் கிள்ளானில் இவ்வளவு வேரூன்றியதற்குக் காரணம் தோட்டங்கள். இந்நகரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பரும் பிறகு செம்பனையுமாகத் தோட்டங்கள்தான். கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் லயத்து வீடுகளில் தங்கினார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மனோ முனீஸ்வரரோ இருந்தார். திருவிழா வந்தால் மேளம் வேண்டும். ஊரிலிருந்து வித்துவான்களை வரவழைக்க வசதி ஏது? காலையில் பால் வெட்டியவரே மாலையில் தப்பை எடுத்துத் தீயில் காய்ச்சி வாசித்தார்.

பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தாமான்களாகவும் தொழில்பேட்டைகளாகவும் மாறின. இன்று பளபளக்கும் செத்தியா ஆலம் இருக்கும் இடம் வட ஹம்மோக் தோட்டம். மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் தரை வீடுகளுக்கும் போனார்கள். வேலை துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் மாறியது. மேளமும் கூடவே வந்தது.

உருமியைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இடுப்பு சிறுத்த, இரண்டு முகம் கொண்ட தோற்கருவி. ஒரு முகத்தில் நேரான குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற அந்த உறுமல் எழுகிறது. அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் ஓசை கிழிந்துவிடும். குறைந்தால் ஓசையே வராது. பார்க்கும்போது முரட்டு வாத்தியம். கைக்கு மிக நுட்பமான வேலை.

அடுக்குமாடியில் அதை வாசித்துப் பழக முடியுமா? அதுதான் இந்தக் குழுக்களின் முதல் பிரச்சினை. கோயில் பின்புறம், மேம்பாலத்துக்குக் கீழே, காலித் திடல் என்று இடம் தேடி அலைகிறார்கள். யாராவது புகார் செய்தால் அடுத்த வாரம் வேறு இடம்.

திரெய்லர் ஓட்டும் ஆசான்

என் அக்கா மகனின் குழுவை நடத்துபவரை மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். ஐம்பதை நெருங்குகிறவர். பிள்ளைகள் அவரை ஆசான் என்கிறார்கள். நான் அண்ணன் என்றேன். புலாவ் இண்டாவில் உள்ள வெஸ்ட்போர்ட்ஸுக்குக் கொள்கலன் ஏற்றிச் செல்லும் திரெய்லரின் ஓட்டுநர். போர்ட் கிள்ளான் உலகின் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று. அங்கே வேலைக்கு இரவு பகல் கிடையாது.

"டிரிப்புக்குத்தான் காசு, தம்பி. திருவிழா அன்னிக்கு நான் வண்டி எடுக்கலன்னா அன்னிய சம்பளம் போச்சு" என்றார். துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரம்தான் அவருடைய சாதக நேரம். ஸ்டியரிங்கிலேயே விரலால் தட்டிப் புது அடிகளை யோசிப்பாராம். மறந்துபோகாமல் இருக்க போனில் வாயால் சொல்லிப் பதிவு செய்வாராம். ஒன்றைப் போட்டுக் காட்டினார். பின்னணியில் லோரி ஹார்ன் சத்தம், முன்னால் அவர் குரலில் தாளம்.

காலையில் பார்த்த நண்பருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருவரும் வேலை பார்த்துக்கொண்டே வாசிப்பவர்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் சம்பளம் குறையாது. மற்றவர் விடுப்பு எடுத்தால் அன்று வீட்டுக்குக் காசு இல்லை. 'பொழுதுபோக்குக் கலைஞர்' என்று இருவரையும் ஒரே சொல்லால் சொல்கிறோம்.

அவர் குழுவில் பதினான்கு பேர். வெல்டர், டெஸ்பாட்ச் ஓட்டுபவர், பேரங்காடியில் காசு வாங்குபவர், காவலாளி, இரண்டு கல்லூரி மாணவர்கள், பிறகு நம் பையன். பையிலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வரவு செலவைக் காட்டினார். வேன் வாடகை, பெட்ரோல், தோல் மாற்றியது, சீருடை, சாப்பாடு. எல்லாம் போக மிஞ்சுவதைப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு வரும். அதையும் பங்கிடாமல் ஒரு பொதுப் பணமாக வைத்திருக்கிறார்கள். யாருக்காவது விபத்து என்றால் அதிலிருந்து எடுப்பார்களாம்.

"கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க. பந்தலுக்கு முன்பணம், கேமராக்காரருக்கு முன்பணம், சமையலுக்கு முன்பணம். எங்களுக்கு மட்டும் 'தெரிஞ்ச பசங்கதானே, வந்து அடிச்சுட்டுப் போங்கடா'ம்பாங்க. கடைசியில சாப்பாடும் தீர்ந்து போயிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போன குரல்.

இன்னொன்றும் சொன்னார். "உருமி அடிக்கிற பசங்கன்னா ரௌடின்னு ஒரு பேர் இருக்கு. அதனால நான் மூணு கட்டளை வச்சிருக்கேன். குடிச்சுட்டு வாத்தியத்தைத் தொடக் கூடாது. சண்டை கூடாது. வேலையோ படிப்போ இல்லாதவன் என் குழுவுல இருக்கக் கூடாது."

நான் நிமிர்ந்தேன். "அப்படின்னா நம்ம பையன் வேலையை விட்டா..."

"முதல்ல என் குழுவை விட்டு நிக்கணும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "அவனோடது நல்ல கை, தம்பி. இருபது வருஷத்துல இப்படி ஒரு கையை நான் ரெண்டு பேர்கிட்டதான் பாத்திருக்கேன். அதனாலதான் பயமா இருக்கு."

கதவு மூடிய மார்ச் மாதம்

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. திருமண மண்டபங்கள் மூடின. திருவிழாக்கள் நின்றன. வேலை வைத்திருந்த கலைஞர்கள் எப்படியோ சமாளித்தார்கள். இசையை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு ஒரே நாளில் வருமானம் நின்றுபோனது.

ஆசான் எனக்கு அறிமுகப்படுத்திய ஒரு கீபோர்ட் கலைஞர், அலுவலக வேலையை விட்டுவிட்டு விருந்து மேடைகளையே நம்பியிருந்தவர். அந்த ஆண்டு முதலில் ஒலிபெருக்கிகளை விற்றார். பிறகு காரை. கடைசியில் கீபோர்டை. மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். இப்போது ஒரு கிடங்கில் வேலை. வார இறுதியில், பழைய கீபோர்ட் ஒன்றை வாங்கி மறுபடியும் வாசிக்கிறார்.

"வருத்தமா அண்ணே?" என்று கேட்டேன்.

"முழுநேரமா இருந்தேனே எட்டு வருஷம், அதுலதான் நான் வாசிக்கக் கத்துக்கிட்டேன். அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கீபோர்டை வாங்கிட்டுப் போனவன் அதைத் தூக்கிட்டுப் படி இறங்கினப்ப என் மக அழுதா. அதை மறக்க முடியல" என்றார்.

அக்கா மகனிடம் சொல்ல எனக்கு இப்போது விஷயம் இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் இருந்தது.

காரில் நடந்த வழக்கு

அன்றிரவு அவன் குழுவுக்குக் கிள்ளான் புறநகரில், பழைய தோட்டக் கோயில் ஒன்றில் திருவிழா. அவனை நானே காரில் அழைத்துப் போனேன். அக்காவையும் வரச் சொல்லி வற்புறுத்தினேன். நான்கு ஆண்டுகளில் அவர் மகன் வாசித்து ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. 'அந்தக் கூட்டத்துல நான் எதுக்கு' என்பார். அன்று மட்டும் பின் இருக்கையில் பேசாமல் உட்கார்ந்தார்.

"மாமா, வேலையும் பாத்துக்கிட்டு வாசிச்சா கடைசிவரைக்கும் அரைகுறைதான். பெரிய ஆளுங்க யாராவது அப்படி வந்திருக்காங்களா?" என்று அவனே ஆரம்பித்தான்.

"வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீப். பகலில் வழக்கு கேட்டார். சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதினார். தமிழின் முதல் நாவலையும் அவர்தான் எழுதினார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியர். மருந்து விற்ற காசில் இசை மாநாடு கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற அவ்வளவு பெரிய இசை நூலை வெளியிட்டார். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்த கோடீஸ்வர ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்."

"அதெல்லாம் அந்தக் காலம் மாமா."

"வெளிநாட்டில் பார். அமெரிக்காவில் சார்ல்ஸ் ஐவ்ஸ் காப்புறுதி நிறுவனம் நடத்திக்கொண்டே இசை எழுதினார். 1947-இல் புலிட்சர் பரிசு வாங்கினார். பிலிப் கிளாஸ் நியூயார்க்கில் குழாய் வேலை பார்த்தார், டாக்சி ஓட்டினார். அவருடைய ஓப்பரா 1976-இல் மெட்ரோபாலிட்டன் அரங்கில் நடந்த பிறகும் டாக்சிதான் ஓட்டினார்."

அவன் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். பிறகு ஒரே பெயரைச் சொன்னான். "மலேசியா வாசுதேவன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த நாட்டு மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்குக் கப்பலேறினார். அங்கே பல ஆண்டுகள் காத்திருந்தார். 1977-இல் 'பதினாறு வயதினிலே' வந்தது. 2011-இல் மறையும்வரை ஆயிரக்கணக்கான பாட்டு. அவர் இங்கேயே ஒரு வேலையோடு இருந்திருந்தால் நமக்கு அந்தக் குரல் இப்படிக் கிடைத்திருக்குமா?

"கிடைச்சிருக்காது" என்று ஒத்துக்கொண்டேன். "ஆனா அவரோட போனவங்க எல்லாரும் வாசுதேவன் ஆகலடா. அவங்க பேரு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டையும் சேர்த்துதான் கணக்குப் போடணும்."

பின் இருக்கையிலிருந்து அக்கா முதன்முறையாகப் பேசினார். "ஏன் விடணும்னு நினைக்கிற? அதை மட்டும் சொல்லு."

அவன் மெதுவாகச் சொன்னான். "ஷிப்ட் மாறி மாறி வருதும்மா. பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தா கை நடுங்குது. ரெண்டு வாரமா பயிற்சிக்கே போகல. இப்படியே போனா அது என் கையைவிட்டுப் போயிடும்னு பயம்."

அதுவரை நாங்கள் எல்லோரும் அவன் பேர் புகழுக்கு ஆசைப்படுகிறான் என்றுதான் நினைத்திருந்தோம். யாரும் இதைக் கேட்கவே இல்லை.

தேர் நகரும் நேரம்

கோயிலைச் சுற்றித் தோட்டம் இல்லை. ஒரு பக்கம் கிடங்குகள், மறுபக்கம் நெடுஞ்சாலை. நடுவில் ஓர் ஆலமரம், அம்மன். மலர் அலங்காரம் முடிந்து தேர் புறப்படத் தயாராக இருந்தது. பிள்ளைகள் வேனிலிருந்து வாத்தியங்களை இறக்கினார்கள். ஒருவன் இன்னும் காவலாளிச் சீருடைச் சட்டையைக் கூட மாற்றவில்லை. நேராகப் பணியிலிருந்து வந்திருந்தான். ஆசான் தப்புகளைத் தீயருகே காட்டி விரலால் தட்டிப் பார்த்தார்.

ஆரம்பித்தார்கள். முதலில் தப்பு மட்டும். பிறகு தவில். கடைசியாக நம் பையன் வளைந்த குச்சியை உருமியில் வைத்து இழுத்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியின் தோள் குலுங்கியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பார்த்தது மகனின் முகத்தை அல்ல, கையை. அந்தக் கை நடுங்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் வாசித்தார்கள். முடிந்ததும் அக்கா செய்த முதல் காரியம், கடையிலிருந்து ஒரு பெட்டி தண்ணீர் போத்தல் வாங்கி வந்து பதினான்கு பேருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தது. காவலாளிச் சட்டை போட்ட பையனிடம் "சாப்ட்டியா அய்யா?" என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையாட்டினான். கோயில் சமையற்கட்டில் போய் அவர் என்ன சொன்னாரோ, அன்று அந்தக் குழுவுக்கு முதல் பந்தியிலேயே இலை விழுந்தது.

சாப்பிடும்போது ஆசான் வழி சொன்னார். "பகல் ஷிப்ட் மட்டும் கேளு. ஷிப்ட் அலவன்ஸ் போகும். போகட்டும். வாரத்துல மூணு சாயங்காலம் உனக்குக் கிடைக்கும். ஒரு வருஷம் அப்படி வாசி. ஆறு மாசச் சம்பளம் கையில சேத்து வை. அதுக்கப்புறமும் விடணும்னு தோணினா, நானே உன்னைக் கூட்டிட்டுப் போய் விடச் சொல்றேன்."

பையன் அம்மாவைப் பார்த்தான். வீட்டுத் தவணைக்கு அந்த அலவன்ஸையும் சேர்த்துத்தான் அக்கா கணக்குப் போட்டு வைத்திருந்தார். அது எனக்கும் தெரியும்.

"அது போனா போகுது. காலையில நான் ரெண்டு வீட்டுப் பிள்ளைகளைப் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

தேதி போடாத அந்தக் கடிதம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அக்கா அதைக் கிழிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

நீங்கள் ஒரு சனிக்கிழமை கிள்ளானுக்குப் போனால் சாப்பாட்டோடு திரும்பிவிடாதீர்கள். தைப்பூசத்துக்கு முன்னும், ஆடி மாதத்திலும், பங்குனி உத்திரத்தை ஒட்டியும் கோயில்களில் மேளம் ஓயாது. சாலையோரமாக நின்று கேளுங்கள். வாசித்து முடித்தவனிடம் "என்ன வேலை பாக்கிறே தம்பி?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் அவன் எத்தனை மணி நேரம் தூங்காமல் வந்திருக்கிறான் என்பது உங்களுக்குப் புரியும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால், பந்தல்காரருக்குக் கொடுப்பது போல முன்பணம் கொடுங்கள். மீதியை அன்றே கொடுங்கள். முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு அக்கா எனக்கு முன்பே கிளம்பிவிட்டார். தண்ணீர் பெட்டியையும் மறக்கவில்லை.